9–12 வயசு பொண்ணுங்களுக்கு சர்ச்ல ஒரு கெட்-டுகெதர்: எதை வெச்சா புதுசா வர்ற பொண்ணும் ஒட்டும்?

சபையில இருக்கிற 9-லருந்து 12 வயசு பொண்ணுங்களுக்குன்னு தனியா ஏதாவது பண்ணணும்னு பேச்சு வரும், பாஸ்டரும் சரின்னுடுவாரு, ஹாலும் கிடைச்சிடும், அதுக்கப்புறம் தான் எல்லாரும் மாட்டிக்குவோம். ஒரு அக்கா ராத்திரி எல்லாரும் ஒண்ணா ஹால்லயே தங்கற ஸ்லீப்ஓவர்ம்பாங்க, ஒரு ஆன்ட்டி அம்மா-மகள் டீ பார்ட்டிம்பாங்க, யூத்ல இருக்கிற தம்பி ஒருத்தன் "புரொஜெக்டர் சும்மா தானே கிடக்கு, படம் போட்டுடலாம்"ம்பான். கேக்கறப்ப எல்லாமே நல்லா தான் இருக்கும். ரெண்டு மீட்டிங் போட்டும் முடிவு வராம, கடைசியில யாரு சத்தமா சொன்னாங்களோ அவங்க ஐடியா ஓகே ஆயிடும். இந்த குழப்பத்துல இருக்கிற சண்டே ஸ்கூல் டீச்சருங்களுக்கும் வாலண்டியர் அக்காமாருக்கும் தான் இதை எழுதறேன்.

என் கட்சியை முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் நடுநிலையா பேசறேன்னு நம்பி ஏமாற வேணாம். முதல் தடவை வைக்கிறீங்கன்னா கைவேலை தான், அதுவும் எல்லாரும் சேர்ந்து வேற யாருக்காவது செய்யற கைவேலை. ஸ்லீப்ஓவர் கடைசி. ஏன்னு கீழ வருது.

## எதை வெச்சு எடை போடறது

தனியா வர்ற பொண்ணு. இது தான் எனக்கு முதல் அளவுகோல், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம் தான். சர்ச்லயே வளந்த பொண்ணுங்களுக்கு நீங்க எதை வெச்சாலும் ஜாலியா தான் இருக்கும், ஏன்னா அவங்க கேங் ஏற்கனவே ரெடி. கதவு பக்கத்துல யாரையும் தெரியாம நிக்கிற பொண்ணு முதல் 15 நிமிஷம் என்ன பண்ணுவா, எங்க உக்காருவா, கையை எங்க வெச்சுக்குவா, இதுக்கு உங்க பிளான்ல பதில் இருக்கான்னு பாருங்க. அலங்காரம், தீம், பலூன் எதுவும் அந்த 15 நிமிஷத்தை காப்பாத்தாது.

9-க்கும் 12-க்கும் நடுவுல இருக்கிற தூரம். மூணு வருஷம் தானேன்னு தோணும். ஆனா பொண்ணுங்களுக்கு உடம்பு மாற ஆரம்பிக்கறது பொதுவா 8-லருந்து 13 வயசுக்குள்ள எப்ப வேணா நடக்கும், அதனால ஒரே டேபிள்ல பொம்மையை விடாத பொண்ணும் இருப்பா, பீரியட்ஸ் வந்த பொண்ணும் இருப்பா. சின்னதுங்களுக்குன்னு பண்ணினா பெருசுங்க "இதெல்லாம் பேபி வேலை"ன்னு மூஞ்சை திருப்பிக்கும், பெருசுங்களுக்குன்னு பண்ணினா சின்னதுங்க முழிக்கும்.

பெரியவங்க எத்தனை பேர். பிரிட்டன்ல குழந்தைங்க பாதுகாப்புக்கு வேலை செய்யற என்எஸ்பிசிசி அமைப்பு, 9-லருந்து 12 வயசுக்கு 8 பிள்ளைங்களுக்கு ஒரு பெரியவர்னு சொல்லுது. உங்க ஊர்லயோ உங்க சபையிலயோ வேற விதி இருந்தா அது தான், இல்லன்னா இதை பிடிச்சுக்கலாம். இது குறைஞ்சபட்சம்ங்கறதை மறக்காதீங்க. 20 பொண்ணுங்கன்னா 3 பேர் கூட இருக்கணும், அதுபோக வாசல்ல ஒருத்தர், சாப்பாடு பக்கம் ஒருத்தர். எந்த பெரியவரும் எந்த பிள்ளை கூடவும் தனியா அடைஞ்ச அறையில இருக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க. இதுல தெரிஞ்ச ஆன்ட்டி, பாஸ்டரம்மா, யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

வெளியில தெரியாத செலவு. காசு ஒரு பக்கம். வேலைக்கு வந்தவங்க அடுத்த நாள் எந்திரிக்க முடியாம கிடக்கறது, ஹால் கிளீனிங், பிள்ளைங்களை கொண்டு வந்து விடறது திரும்ப கூட்டிட்டு போறது, இதெல்லாமும் செலவு தான்.

பெத்தவங்க நம்பிக்கை. முக்கியமா சர்ச்சுக்கு வராத வீட்டு பெத்தவங்க. ஜெபம் உண்டா, மெசேஜ் உண்டா, எவ்வளவு நேரம்னு அழைப்புலயே எழுதிடுங்க. வெறும் விளையாட்டுன்னு கூப்பிட்டுட்டு முக்கால் மணி நேரம் பிரசங்கம் வெச்சா அந்த வீட்டுக்கதவு அதோட சாத்தியாச்சு.

## கைவேலை மதியம்

கையில வேலை இருந்தா கண்ணைப் பார்த்து பேச வேண்டிய அவசியம் இல்ல, இந்த வயசுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு பெரியவங்களுக்கு மறந்து போயிடுது. பாசி கோத்துக்கிட்டே இருக்கலாம், பேச்சு வந்தா பேசலாம், வரலன்னாலும் யாரும் ஏன் சும்மா இருக்கன்னு கேக்க மாட்டாங்க. லேட்டா வந்தாலும் சேர் இழுத்துப் போட்டு உக்காந்துடலாம். வயசு வித்தியாசத்தையும் சமாளிக்கலாம், சின்னதுங்க பட்டன் ஒட்டட்டும், பெருசுங்க தைக்கட்டும்.

சிக்கல் எங்க வருதுன்னா, ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சு கடைசியில எல்லாரும் தூக்கிக் காட்டறப்ப தான். நல்லா வரையற ரெண்டு பொண்ணு ஜெயிச்சிடும், மீதி பேர் தன்னோடதை பைக்குள்ள ஒளிச்சுக்குவாங்க. அதனால தான் சேர்ந்து ஒரே பொருள்னு சொல்றேன், ஆளுக்கு ஒரு சதுரம் தைச்சு ஒரே போர்வையா இணைக்கறது, வீட்டை விட்டு வர முடியாத வயசானவங்களுக்கு வாழ்த்து அட்டை கட்டு போடறது, ஆஸ்பத்திரியில இருக்கிற குழந்தைங்களுக்கு ஏதாவது. அப்போஸ்தலர் 9-ல தொற்காள் செத்துப் போனப்ப விதவைங்க அவ தச்சுக் குடுத்த துணிகளைக் காட்டி அழுதாங்களே, அந்தக் கதையை 5 நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டு தையலுக்கு போயிடலாம், தனியா மெசேஜே வேணாம்.

இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1954-ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல முசாஃபர் ஷெரிஃப்னு ஒரு உளவியலாளர் 11 வயசு வாக்குல 22 பசங்களை கேம்ப் கூட்டிட்டு போய் ரெண்டு குரூப்பா பிரிச்சாரு. போட்டி வெச்சதும் திட்டிக்கறது, கொடியை எரிக்கறதுன்னு போச்சு. சரி சமாதானம் பண்ணலாம்னு ஒண்ணா சாப்பிட வெச்சாங்க, ஒண்ணா படம் காட்டினாங்க, ஒண்ணும் வேலைக்காகல, சாப்பாட்டை எடுத்து வீசிக்கிட்டானுங்க. தண்ணி வராம போச்சு சேர்ந்து தேடுங்க, லாரி நின்னு போச்சு சேர்ந்து இழுங்கன்னு எல்லாரும் கை குடுத்தா தான் முடியும்ங்கற வேலையை குடுத்தப்புறம் தான் ஒட்டினானுங்க. கயிறு இழுக்கற போட்டிக்கு எதிரெதிரா பிடிச்ச அதே கயிறை வெச்சு தான் லாரியையும் இழுத்தாங்க. அது பசங்க, அதுவும் கேம்ப், அந்த ஆராய்ச்சி மேல விமர்சனமும் நிறைய உண்டு, இருந்தாலும் பக்கத்துல உக்கார வெச்சா மட்டும் ஃப்ரெண்ட்ஷிப் வந்துடாதுன்னு இந்த வயசு பிள்ளைங்களோட இருந்தவங்க எல்லாரும் ஒத்துக்குவாங்க.

ஒரு சின்ன தந்திரம். கத்திரியும் பசையும் டேபிளுக்கு ஆளுக்கொண்ணு வைக்காதீங்க, வேணும்னே ரெண்டு மூணு கம்மியா வைங்க. "அதை கொஞ்சம் குடேன்"னு கேக்கறதுல தான் நிறைய பேச்சு ஆரம்பிக்கும். வாசல்ல கலர் சீட்டு எடுக்க வெச்சு டேபிள் பிரிச்சிடுங்க, ஆனா ஒரு பொண்ணு தோழியை கூட்டிட்டு வந்திருந்தா அந்த ரெண்டு பேருக்கும் ஒரே கலர். கலக்கறேன்னு சொல்லி அவளுக்கு இருக்கிற ஒரே ஆளையும் பிரிச்சுடக் கூடாது.

வெளியில தெரியாத செலவுன்னு பாத்தா பொருள் தான். பேர் குடுக்காம வர்ற பிள்ளைங்களுக்கு சேத்து வாங்கணும், பசை காய நேரம் விடணும், முக்கியமா முந்தின வாரமே யாராவது ஒரு தடவை செஞ்சு பாக்கணும், வீடியோவுல 10 நிமிஷத்துல முடியறது பிள்ளைங்க கையில ஒரு மணி நேரம் இழுக்கும். கிளிட்டர் மட்டும் வாங்காதீங்க, ஹாலை விட்டு அது போகவே போகாது.

## விளையாட்டு நாள்

துறுதுறுன்னு ஓடற பிள்ளைங்க நிறைய இருந்தா இது சூப்பர், பொருள் செலவும் கம்மி. ஆனா புதுசா வர்ற பொண்ணுக்கு இது சீட்டாட்டம் மாதிரி, நல்லா ஓடறவளா இருந்தா அஞ்சே நிமிஷத்துல எல்லாருக்கும் செல்லம், இல்லன்னா அன்னிக்கு முழுக்க ஓரம்.

கிப்லிங் வில்லியம்ஸ்னு ஒரு உளவியலாளர் கம்ப்யூட்டர்ல பந்து தூக்கிப் போடற ஒரு சின்ன விளையாட்டை வெச்சு ஒதுக்கப்படற உணர்வை ஆராய்ச்சி பண்ணினாரு. சில நிமிஷம் பந்து நம்ம பக்கம் வராம போனாலே மனசு சுருங்கிடுதாம், எதிர்ல ஆடறது வெறும் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டாலும் அப்படித்தானாம். அப்ப நிஜ பிள்ளைங்க, நிஜ பந்துன்னா யோசிச்சுக்கோங்க. ரெண்டு கேப்டன் நின்னு ஒவ்வொருத்தரா டீமுக்கு எடுக்கற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, கடைசியா நிக்கிற பொண்ணு அதுக்கப்புறம் நீங்க குடுக்கற எந்த பரிசையும் சந்தோஷமா வாங்கிக்க மாட்டா. அவுட் ஆனா வெளிய போய் உக்காரணும்ங்கற ஆட்டமும் வேணாம், ஓட முடியாதவ தான் முதல்ல அவுட் ஆவா, அப்புறம் மீதி நேரமெல்லாம் வேடிக்கை பாக்கணும். புதையல் தேடற ஆட்டம், துப்பு கண்டுபிடிக்கறது, ஆளுக்கொரு துண்டு வெச்சிருந்து எல்லாம் சேந்தா தான் விடை வரும்ங்கற மாதிரி ஆட்டம்னா நல்லது.

மழை வந்தா என்னங்கறதுக்கு இன்னொரு பிளான், முதலுதவி தெரிஞ்ச ஒருத்தர், உடை மாத்த இடம், வீல்சேர்ல வர்ற பொண்ணோ ஆஸ்துமா இருக்கிற பொண்ணோ வந்தா என்ன மாத்தணும்னு முன்யோசனை, இதெல்லாம் யாரும் பட்ஜெட்ல எழுதாத ஐட்டம். பீரியட்ஸ் நேரத்துல இருக்கிற பொண்ணு ஓட மாட்டேன்னா ஸ்கோர் எழுதற வேலையை குடுங்க, காரணம் கேக்காதீங்க.

## படம் போடற சாயங்காலம்

ரொம்ப ஈஸி, அதனால தான் எல்லாரும் இதை சொல்றாங்க. ரெண்டு மணி நேரம் இருட்டுல ஒரே பக்கம் பார்த்து உக்காந்துட்டு எழுந்து போனா யாரு பேரும் யாருக்கும் தெரியாது. கூச்ச சுபாவம் உள்ள பொண்ணுக்கு பயம் இல்லாத இடம்ங்கறது உண்மை தான், ஆனா வந்தபடியே தனியா போவா.

இன்னொண்ணு, வீட்டுல பாக்கறதுக்கு கட்டற சந்தாவை வெச்சு சர்ச் ஹால்ல கூட்டம் கூட்டி படம் போடறதுக்கு பெரும்பாலும் அனுமதி கிடையாது. காசு வாங்கல, ஊழியம் தானேன்னு சொல்றதெல்லாம் பல நாட்டு சட்டத்துல செல்லாது, பொது இடத்துல திரையிட தனி லைசென்ஸ் வேணும், சர்ச்சுகளுக்குன்னே வருஷ லைசென்ஸ் குடுக்கறவங்க கூட இருக்காங்க. இலவசம்னு நினைச்ச ஐடியாவுக்கு இந்த செலவு யாரு கணக்குலயும் இருக்காது. அதுபோக 9 வயசுக்கும் சரியா இருந்து 12 வயசுக்கும் போரடிக்காத படம்னு தேடறதுக்குள்ள குரூப்ல சண்டை வந்துடும்.

ஆளும் இல்ல, நேரமும் இல்ல, ஆனா மாசாமாசம் ஏதாவது ஒண்ணு நடந்தே ஆகணும்னா இது சரி. அப்பவும் நடுவுல நிறுத்தி ஸ்நாக்ஸ் பிரேக் விடுங்க, அடுத்து என்ன நடக்கும்னு சின்ன குரூப்பா பேச விடுங்க.

## அம்மா-மகள் டீ

பாக்க அழகு, போட்டோவுக்கு அழகு, பெத்தவங்க நம்பிக்கைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல, ஏன்னா அம்மாவே கூட உக்காந்திருக்காங்க. ஆள் பற்றாக்குறையும் இல்ல. உடம்பு மாற்றம், போன் பழக்கம்னு பேச வேண்டியதை பேசறதுக்கு நல்ல மேடை.

ஆனா அம்மா இல்லாத பொண்ணு? அம்மா இருந்தும் கூட இல்லாத பொண்ணு, அன்னிக்கு ஷிஃப்ட் வேலை இருக்கிற அம்மா, சர்ச்னாலே வர மாட்டேன்கிற அம்மா? பொண்ணுங்க நிகழ்ச்சின்னாலே நம்ம ஆளுங்க எஸ்தர் ராணி தீம் வெச்சு கிரீடம் ஒட்டுவாங்க, அந்த எஸ்தருக்கே அப்பா அம்மா ரெண்டு பேரும் கிடையாது, மொர்தெகாய் தான் எடுத்து வளத்தாருன்னு எஸ்தர் 2:7-ல இருக்கு. நம்ம அழைப்பிதழ் போயிருந்தா அந்தப் பொண்ணு வீட்டுலயே இருந்திருப்பா. "அம்மாவும் மகளும்"ங்கறதை "நீயும் உனக்குப் பிடிச்ச ஒரு பெரியவங்களும்"னு மாத்துங்க, பாட்டி வரட்டும், சித்தி வரட்டும், அப்பா வந்தாலும் வரட்டும். யாரும் இல்லாம வர்ற பொண்ணுக்கு கடைசி நிமிஷத்துல ஒரு ஆன்ட்டியை ஒட்ட வைக்காம, முன்னாடியே யாருன்னு சொல்லி அவ சம்மதம் கேட்டு வைங்க.

இன்னொரு குறை, அம்மா பக்கத்துல இருக்கிறப்ப பிள்ளைங்க தங்களுக்குள்ள பேச மாட்டாங்க. அம்மாங்க ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுவாங்க, பொண்ணுங்க டம்ளரைப் பார்த்துட்டு இருக்கும். அதனால இது இன்னும் நம்பிக்கை வராத பெத்தவங்களுக்கான நிகழ்ச்சி, பொண்ணுங்களுக்கானதா ஆகணும்னா அரை மணி நேரமாவது தனித்தனியா பிரிக்கணும்.

## ஸ்லீப்ஓவர்

பொண்ணுங்க கிட்ட ஓட்டு வெச்சா இது தான் ஜெயிக்கும், அதனால தான் சொல்றதுக்கு சங்கடமா இருக்கு. ஏற்கனவே நெருக்கமா இருக்கிற குரூப்புக்கு ஒரு ராத்திரி ஒண்ணா தங்கறது பல வாரம் கிளாஸ் எடுத்ததை விட அதிகமா பண்ணும். ராத்திரி விளக்கை அணைச்சப்புறம் வர்ற பேச்சு பகல்ல வராது.

புதுசா வர்ற பொண்ணுக்கு இது தான் எல்லாத்துலயும் கஷ்டமானது. யாரு பக்கத்துல படுக்கறதுங்கற ஒரே கேள்வியில அவ நிலைமை எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நைட்டு வீட்டு ஞாபகம் வந்து அழற பிள்ளை, படுக்கையை நனைக்கிற பிள்ளை (10 வயசுலயும் இருக்காங்க, ரகசியமா வெச்சிருப்பாங்க), ராத்திரி மருந்து எடுக்கற பிள்ளை, முதல் பீரியட்ஸ் அன்னிக்குன்னு பார்த்து வர்ற பிள்ளை, இதெல்லாம் எல்லாரும் பாக்கற ஹால்ல நடக்கும். முழு ராத்திரி முறை போட்டு முழிச்சிருக்க பெரியவங்க வேணும், யாரும் தனியா இல்லாம ரெண்டு ரெண்டு பேரா, அதுக்கு ஆள் கணக்கு பகல் நிகழ்ச்சியை விட ரெண்டு மடங்கு. தீ வந்தா வெளிய போற வழி எது, கட்டிடத்துல ராத்திரி தங்க அனுமதி இருக்கா, இன்ஷூரன்ஸ் ஒத்துக்குதா, இதையும் கேக்கணும். 6-லருந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு 2016-ல அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி சொல்லிச்சு, ஸ்லீப்ஓவர்ல பாதி கூட தேறாது, சனிக்கிழமை ராத்திரி வெச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனையில வரிசையா தலை ஆடும்.

வைக்கணும்னு ஆசை விடலன்னா "லேட் நைட்" வைங்க. பைஜாமா, தலகாணி, கதை, பாட்டு எல்லாம் உண்டு, 9 மணிக்கோ 10 மணிக்கோ வீட்டுக்கு. தங்கற பொண்ணு தங்காத பொண்ணுங்கற பிரிவே வராது, வேலைக்கு வந்த அக்காமாரும் தூங்கலாம்.

## ஒரே பார்வையில

| | தனியா வர்ற பொண்ணுக்கு | ஆள் தேவை | யோசிக்காம விடற செலவு | எப்ப எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| கைவேலை | ரொம்ப நல்லது | நடுத்தரம் | பொருள், ஒத்திகை, கிளீனிங் | முதல் நிகழ்ச்சி, கலவையான வயசு |
| விளையாட்டு | ஆட்டத்தை பொறுத்தது | நடுத்தரம் | மழை, அடிபடறது | துறுதுறு குரூப், பெரிய இடம் |
| படம் | பயம் இல்ல, பழக்கமும் இல்ல | கம்மி | திரையிடும் லைசென்ஸ் | ஆள் இல்லாத மாசம் |
| அம்மா-மகள் டீ | அம்மா வரலன்னா கஷ்டம் | கம்மி | விடுபட்ட பிள்ளைங்க | பெத்தவங்களை பழக்கப்படுத்த |
| ஸ்லீப்ஓவர் | கஷ்டம் | ரொம்ப அதிகம் | தூக்கம், இன்ஷூரன்ஸ் | நல்லா பழகின சின்ன குரூப் |

## எதை எடுத்தாலும் விடக்கூடாதது

பாத்ரூம்ல பேட் வைங்க, யாரையும் கேக்காம எடுத்துக்கற மாதிரி. பேர் பதியறப்பவே சாப்பாட்டு அலர்ஜி கேளுங்க, நிலக்கடலை மாதிரி ஆபத்தானது ஒரே ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் அன்னிக்கு மெனுவுல இருந்தே எடுத்துடுங்க, தனி தட்டு வெச்சு அவளை ஒதுக்க வேணாம். போட்டோவுக்கு பெத்தவங்க கிட்ட எழுத்துல சம்மதம், பொண்ணு கிட்டயும் ஒரு வார்த்தை, சம்மதம் வந்தாலும் பேரோட சேத்து போடாதீங்க. முடிஞ்சதும் யாரு கூட்டிட்டு போவாங்கன்னு முன்னாடியே எழுதி வாங்கி வாசல்ல ஒருத்தர் டிக் பண்ணி தான் அனுப்பணும், தெரிஞ்ச அங்கிள் தானேன்னு விடக்கூடாது.

போன் விஷயத்துல ஆளாளுக்கு கருத்து இருக்கும். என் கருத்து, எல்லாரோடதையும் வாங்கி வைக்கிறது நல்லது, ஏன்னா போன் இருக்கிற பொண்ணு இல்லாத பொண்ணுன்னு அங்கயே ரெண்டு கட்சி ஆயிடும். வீட்டுக்கு பேசணும்னா டீச்சர் போன் இருக்குன்னு பெத்தவங்களுக்கும் சொல்லிடுங்க.

வாசல்ல வரவேற்க பெரியவங்களை மட்டும் நிறுத்தாதீங்க. 12 வயசு பொண்ணுங்க ரெண்டு மூணு பேரை முன்னாடியே கூப்பிட்டு வேலையா குடுங்க, புதுசா யாரு வந்தாலும் நீங்க கூட்டிட்டு போய் உக்கார வைக்கணும், பேர் கேட்டு ஞாபகம் வெச்சுக்கணும்னு. பெருசுங்களுக்கு பொறுப்பு குடுத்தா "பேபி வேலை" புலம்பலும் பாதி நின்னுடும்.

## அப்ப எந்த சபைக்கு எது

புது ஏரியா, பாதி பேர் வெளியில இருந்து வர்றவங்கன்னா கண்ணை மூடிட்டு கைவேலை. பெத்தவங்க தயங்கறாங்கன்னா முதல்ல "பிடிச்ச பெரியவங்களோட டீ", அடுத்ததா கைவேலை. வாசலுக்கும் சாப்பாட்டுக்கும் போக பிள்ளைங்களோட இருக்க வாலண்டியர் ரெண்டே பேர்னா 16 பொண்ணுங்களுக்கு மேல பேர் பதியாதீங்க, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு காய்ச்சல் வந்தா தள்ளி வைக்கவும் தயாரா இருங்க. பல மாசமா சேர்ந்தே இருக்கிற 8 பேர் குரூப்னா ஸ்லீப்ஓவர் தாராளமா வைக்கலாம், ஆனா அதை "புதுசா தோழிகளை கூட்டிட்டு வாங்க"ன்னு விளம்பரம் பண்ணாதீங்க. காசு தான் பிரச்சினைன்னா வீட்டுல கிடக்கற துணி, பட்டன், நூலை கேட்டு வாங்கினாலே போர்வைக்கு போதும்.

தேதி முடிவு பண்றப்ப ஒரு தேதி பத்தாது, ரெண்டு தேதியா முடிவு பண்ணுங்க. போர்வையை வேணும்னே முதல் தடவையில முடிக்காம விட்டா, "உன் சதுரம் இன்னும் தைக்கணும், ரெண்டாவது தேதிக்கு வா"ன்னு கூப்பிட காரணம் கையிலயே இருக்கும். வராத பொண்ணு வீட்டுக்கு அந்த வாரத்துக்குள்ள போன் பண்றது யாருன்னும் அதே மீட்டிங்லயே பேரை எழுதிடுங்க.